வால்மார்ட் ஜெர்மனியில் தோற்றது நுழைந்த வழியாலா, பண்பாட்டாலா?

எழில்:
வேற்று நாட்டில் நுழையும் நிறுவனம், இரு நாட்டுப் பண்பாட்டுத் தொலைவு கூடினால் உள்ளூர் நிறுவனத்தோடு கூட்டு முயற்சி, குறைந்தால் உள்ளூர் நிறுவனத்தையே நேரடியாக வாங்கலாம் என்பதுதான் கோகட்–சிங் 1988 ஆய்வின் சாரம். அந்தக் கணக்கில் அமெரிக்காவும் ஜெர்மனியும் பக்கத்துப் பக்கத்து வீடு. பிறகு ஏன் அமெரிக்கச் சங்கிலிக்கடை வால்மார்ட் 1997-இல் நுழைந்து, 2006-இல் 85 கடைகளையும் ஜெர்மன் நிறுவனமான மெட்ரோவிடம் விற்றுவிட்டுப் போனது?

தராசு:
அந்தக் கணக்கு எதை அளக்கிறது என்று பாருங்கள், எழில். நாடுகளின் பண்பாட்டுக்கு எண் மதிப்பெண் தரும் ஹாஃப்ஸ்டெட் குறியீடுகளின் வித்தியாசத்தை வர்க்கமாக்கி, பரவற்படியால் (அந்த எண்கள் நாடுகளிடையே சிதறியிருக்கும் அளவால்) வகுத்து, சராசரி எடுப்பார்கள். அந்தக் குறியீடுகளில் ஒன்றான அதிகார இடைவெளியில் (மேலே கீழே என்ற ஏற்றத்தாழ்வை மக்கள் ஏற்கும் அளவில்) ஜெர்மனி 35, அமெரிக்கா 40. அதனால்தான் கிட்டத்தில் தெரிகிறது. தலையணை உறை இதில் வராதே! ஜெர்மானியர் வழக்கமாக வாங்கும் தலையணை 80க்கு 80 செ.மீ. சதுரம். அமெரிக்க அளவு உறைகளை இறக்கினார்கள், தேங்கிப்போயின. பில் போடும் இடமும் அப்படித்தான். ஜெர்மனியின் மலிவுவிலைச் சங்கிலிக்கடை ஆல்டியில் கல்லாக்காரர் தள்ளிவிடும் வேகத்துக்குத் தானே வண்டியில் அள்ளிப் போட்டுப் பழகியவருக்கு, வால்மார்ட் ஊழியர் தன் சாமானைத் தொட்டுப் பையில் போடுவது உபசாரமாகப் படாது.

நுழைந்த வழியும் காரணம்தான். முதலில் வெர்ட்காவுஃப் என்ற ஜெர்மன் சங்கிலியின் 21 கடைகளை வாங்கினார்கள், மறு வருடமே இன்டர்ஷ்பார் சங்கிலியின் 74. ஒன்றைச் செரிப்பதற்குள் இன்னொன்று. ஜெர்மன் தெரியாத அமெரிக்கர் தலைமை. மெக்சிகோவில் 1991-இல் உள்ளூர்க் கடை நிறுவனமான சிஃப்ராவோடு கூட்டுச் சேர்ந்து, 1997-இல்தான் பெரும்பங்கை வாங்கினார்கள். அந்த ஆறு வருடப் பாடம் இங்கே இல்லை.

கடைக்கணக்கு:
உறை, பை நிரப்புவது எல்லாம் சொல்லச் சுவையாக இருக்கும். அடி விழுந்தது விலையில். ஆல்டியைவிட மலிவு காட்ட அடக்கவிலைக்குக் கீழே இறங்கினார்கள்; 2000-இல் ஜெர்மனியின் போட்டிக் கண்காணிப்பு அமைப்பான கூட்டாட்சிக் கார்டெல் அலுவலகம் பால், மாவு போன்றவற்றின் விலையை ஏற்றச் சொன்னது. ஞாயிறு கடை திறக்க முடியாது. அமெரிக்க ஊழியர் நடத்தை விதியை 2005-இல் அப்படியே கொண்டுவந்தார்கள். ஊழியர்கள் தேர்ந்தெடுக்கும் தொழிலாளர் மன்றத்தைக் கலந்து பேசாததால் வுப்பர்டால் தொழிலாளர் நீதிமன்றத்தில் பல பிரிவுகள் அடிபட்டன. பண்பாடு அங்கே சட்டமாகவே எழுதிவைக்கப்பட்டிருக்கிறது.

எழில்:
அப்படியானால் வாடிக்கையாளர் பழக்கத்தை மாற்றவே முடியாதா?

கடைக்கணக்கு:
முடியும், விலையில் ஈடு கொடுத்தால். ஆல்டி 1976-இல் அமெரிக்கா போனது. அங்கே இன்றும் வண்டியெடுக்க 25 சென்ட் காசு போட வேண்டும், பையை நாமே நிரப்ப வேண்டும். அமெரிக்கர்கள் செய்கிறார்கள், ஏனென்றால் மிச்சமாகும் சம்பளச் செலவு பில்லில் குறைவாகத் தெரிகிறது.