சயானிலிருந்து கோட்டை வரை: மும்பையில் தனியாக ஒரு ஞாயிறு

மும்பை போகிறவர்களிடம் எல்லோரும் சொல்வது லோக்கல் ரயிலைத்தான். நான் தங்கியிருந்த சயான் வீட்டிலும் அதே பேச்சு. "ரயில் ஏறினா அரை மணியில வி.டி., பஸ்ல போய் எதுக்கு மாட்டிக்கிறே?" என்றார் மாமா. வி.டி. என்பது பழைய விக்டோரியா டெர்மினஸ், இப்போதைய சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ். தெற்கு மும்பையின் கோட்டைப் பகுதியில் இருக்கும் ரயில் நிலையம். உறவினர் கல்யாணம் முந்தின நாளே முடிந்துவிட்டது. ஊருக்கு ரயில் இரவில்தான். எனக்கு என்ன அவசரம்? ரயில் ஊரின் முதுகுப் பக்கத்தைத்தான் காட்டும். கடையும் வாசலும் மனிதர்களும் பார்க்க வேண்டுமென்றால் பஸ்தான் சரி.

மும்பையின் நகரப் பேருந்தான பெஸ்ட் பஸ்ஸில் புதியவர்களுக்கு உள்ள ஒரே சங்கடம் எண். பல பஸ்களின் முன்பக்கத்தில் அது தேவநாகரியில் இருக்கிறது. அதில் ஒன்று என்பது நம் கண்ணுக்கு 9 மாதிரி தெரியும், நான்கு 8 மாதிரி. நமக்குப் பழகிய எண் பக்கவாட்டில் இருக்கிறது. அதைத் தேடிப் படிப்பதற்குள் பஸ் நகர்ந்துவிடும். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா இதைக் கவனித்திருக்க வேண்டும். எங்கே போகணும் என்று இந்தியில் கேட்டார். லால்பாக் என்றேன். காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டு, உள்ளங்கையில் விரலால் ஒவ்வொரு எண்ணாக எழுதிக் காட்டினார். நான் திருப்பி எழுதிக் காட்டும்வரை விடவில்லை. அவருடைய பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார், அவ்வளவுதான். நம் பக்கம் என்றால் அதற்குள் எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் வரை விசாரணை முடிந்திருக்கும். மும்பைக்காரர்களிடம் நாள் முழுக்கப் பார்த்தது இதைத்தான்: நம்மைப் பற்றி எதுவும் கேட்பதில்லை, ஆனால் வழியை மட்டும் துல்லியமாகச் சொல்கிறார்கள்.

கட்டணம் 2025 மே மாதம் ஏறிவிட்டது. ஏறியும் சாதாரண பஸ்ஸில் குறைந்தபட்சம் 10 ரூபாய், ஏசியில் 12. சயானிலிருந்து தெற்கே இறங்கும் அம்பேத்கர் சாலை கிங்ஸ் சர்க்கிள், தாதர், பரேல், லால்பாக், பைகுல்லா என்று போகிறது. ஜன்னல் ஓரம் கிடைத்தால் அதுவே ஊர் சுற்றல். தாதருக்குத் தெற்கே டிராம் ஓடிய தடமும் இதுதான். 1964 மார்ச் 31 இரவு கடைசி டிராம் வி.டி. பக்கமுள்ள போரிபந்தரிலிருந்து தாதர் வந்து நின்றது. தாதரின் டிராம் டெர்மினஸ், சுருக்கமாக டிடி, போய் அறுபது வருஷத்துக்கு மேலாகிறது, கண்டக்டர் இன்னும் "டிடி, டிடி" என்றுதான் குரல் கொடுக்கிறார். லால்பாக் வந்ததும் என் தோளைத் தட்டி, "அண்ணா, உதரோ" என்று இறக்கிவிட்டதும் அவர்தான். தெற்கத்திக்காரன் என்றால் அங்கே எல்லோருக்கும் நாம் அண்ணாதான்.

லால்பாக், பரேல் எல்லாம் ஒருகாலத்தில் பஞ்சாலைகளின் ஊர். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதற்குப் பிறகு பல ஆலைகள் மீளவே இல்லை. இப்போது மில் நிலங்களில் கண்ணாடிக் கோபுரங்கள். அவற்றுக்குக் கீழேயே நீள வராந்தாவும் காயும் துணிகளுமாக, தொழிலாளர்கள் குடியிருந்த பழைய சால்கள்.

அங்கேதான் மிளகாய்ச் சந்து இருக்கிறது. திரும்பும் முனையிலேயே தும்மல் ஆரம்பித்துவிட்டது. ஒரு கடைக்குள் இரும்பு உலக்கைகள் வரிசையாக நிற்கின்றன. மோட்டார் ஓட ஓட ஒன்று ஏற ஒன்று இறங்க, கீழே உள்ள குழிகளில் மிளகாயையும் வறுத்த சாமானையும் குத்துகின்றன. முகத்தில் துணி கட்டிய ஒருவர் உலக்கை மேலே போகும் இடைவெளியில் கரண்டியை விட்டுக் கிளறி எடுக்கிறார். அவர் புருவம்கூடச் சிவப்பு. எதிரே ஸ்டூலில் ஒரு பெண்மணி கண்ணீரோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். வெளியே நிற்கலாமே என்றேன். "நான் போனா அடுத்தவங்க பொடி என் டப்பாவுக்குள்ள வந்துடும்" என்றார். நம்மூர் மாவு மில்லில் அம்மா நிற்பதும் இதே கணக்குதான். உலக்கைக்காரர் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு எனக்கும் ஒரு சிட்டிகை கொடுத்தார். காரம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது வறுத்த கொப்பரை வாசனை.

லால்பாக்குக்குப் பிறகு வி.டி. அந்த ஸ்டேஷனைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, அதனால் விடுகிறேன். அண்ணாந்து பார்த்துவிட்டு பல்லார்டு எஸ்டேட் பக்கம் நடந்தேன். துறைமுகத்துக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டிக் கடலை மீட்ட இடம் இது. கேட்வே ஆஃப் இந்தியாவை வடிவமைத்த ஜார்ஜ் விட்டெட்தான் இங்கேயும் கட்டடங்களை ஒரே சாயலில் அமைத்தார். கிழமை நாளில் அலுவலகக் கூட்டத்தில் இதெல்லாம் கண்ணில் படாது. ஞாயிறு அன்று ஆளே இல்லை, பையன்களையும் கிரிக்கெட்டையும் தவிர. ஒரு தெருவைக் கடக்கப் போனேன். "அண்ணா, ஓவர் முடியட்டும்!" என்று கீப்பர் கையைக் காட்டி நிறுத்தினான். நின்றேன். இரண்டு பந்து வைட். அடுத்ததில் ரன் அவுட் தகராறு. இரண்டு பக்கமும் என்னைப் பார்த்தார்கள். அவுட் என்று விரலைத் தூக்கினேன். பேட்டைப் பிடித்திருந்தவன் முறைத்தபடியே போனான், ஆனால் மறுபேச்சு பேசவில்லை.

போக நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு. ஞாயிறு அன்று கோட்டைப் பகுதியில் பல சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும். மெட்ரோ தியேட்டர் பக்கமுள்ள 1904-ஆம் வருஷத்து கியானி இரானிக் கடையில் பன் மஸ்காவும் (வெண்ணெய் தடவிய பன்) டீயும் கிடைக்கும். அங்கே மேஜையைப் பகிர்ந்துகொள்ளச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். வி.டி. ஸ்டேஷனிலேயே கழிப்பறைக்குப் போய்விடுங்கள், பல்லார்டு பக்கம் எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. சில்லறையும் கையில் இருக்கட்டும், ஐநூறு ரூபாய்த் தாளை நீட்டினால் கண்டக்டர் "அண்ணா" என்று கூப்பிடுகிற தொனியே மாறிவிடும்.