மறு: மைல்ட் டே – மிதநாளா, இதநாளா?

மைல்ட் டே (mild day) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் தேடும் இழையில், வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> 'மிதநாள்' என்றே வைத்துவிடலாமே? சின்னச் சொல், எல்லோருக்கும் புரியும்.

சின்னச் சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் 'மிதவெப்ப மண்டலம்' என்று பள்ளிப் பாடநூலிலேயே படித்துவிட்டோம். அந்தப் பழக்கத்தில் மிதநாள் என்றதும் மிதவெப்ப மண்டலத்து நாள் என்றுதான் நினைக்கத் தோன்றும். கனடாவின் வின்னிபெக் அந்த மண்டலத்தில்தான் இருக்கிறது. அங்கே ஜனவரியின் சராசரியோ −16 பாகை செல்சியஸை ஒட்டி நிற்கிறது. இதில் எங்கே மிதம்?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மைல்ட் என்ற ஒரே சொல்லை ஆங்கிலத்தில் இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறார்கள். காலநிலை ஆய்வாளர் காரின் வான் டெர் வீல் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், பகல் உச்ச வெப்பநிலை 18 முதல் 30 பாகைக்குள் இருக்க வேண்டும், மழை 1 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, பனிநிலை (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) 20 பாகையைத் தாண்டக்கூடாது. அப்படிப்பட்ட நாளே மைல்ட் டே. உலகச் சராசரியாக ஆண்டுக்கு 74 நாட்கள் அப்படி அமைகின்றன என்றும், நூற்றாண்டின் இறுதிக்குள் அதில் 10 குறையலாம் என்றும் கணித்தார்கள். இந்த அளவுகோலைக் குளிர்காலத்துக்கு மட்டும் வைத்துப் பாருங்கள். சைபீரியாவின் யாகுட்ஸ்க்கில் ஜனவரி −40ஐ ஒட்டியே கிடப்பதால் ஒரு நாள்கூடத் தேறாது. நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரிலும் அநேகமாகத் தேறாது, ஆனால் அங்கே காரணம் புழுக்கம். மத்தியதரைக் கடலோரத்தின் தென்பகுதிகளில் சில நாட்கள் கிடைக்கும்.

இது உடம்புக்கு இதம் தரும் நாள். ஆகவே இதற்கு இதநாள் பொருந்தும். (பேச்சில் 'இத' என்றால் 'இதை' என்றாகிவிடுமே என்று ஒருவர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும்.)

வானிலை அறிக்கையில் வரும் மைல்ட் வேறு. வழக்கமான குளிர் விட்டுக்கொடுத்த நாளை அது குறிக்கிறது. வட அமெரிக்காவின் ராக்கி மலைகளைத் தாண்டி இறங்கும் சினூக் காற்று, இறங்க இறங்க அமுங்கிச் சூடேறி, கனடாவின் கல்கரி போன்ற ஊர்களில் சில மணி நேரத்திலேயே பனியைக் கரைத்துவிடும். 1972 ஜனவரியில் அமெரிக்க மாநிலமான மொன்டானாவின் லோமாவில் 24 மணி நேரத்துக்குள் −48இலிருந்து 9 பாகைக்கு ஏறியது. 9 பாகையை யாரும் இதநாள் என்று சொல்ல மாட்டார்கள். அந்த ஊர்க்காரர்களுக்கோ அது பெரிய விடுதலை.

இதற்கு நான் முன்வைப்பது தணிகுளிர்நாள். வினைத்தொகை என்பதால் தணிந்த, தணிகின்ற, தணியும் மூன்றுமே உள்ளே அடக்கம். பழைய பதிவுக்கும் நாளைய முன்னறிவிப்புக்கும் ஒரே சொல் போதும்.

> மென்குளிர் நாள் என்றால் என்ன குறை?

குறையில்லை, இடம்தான் வேறு. அயர்லாந்தின் டப்ளின் வின்னிபெக்கைவிட வடக்கே இருந்தும் ஜனவரிப் பகலில் சுமார் 8 பாகை இருக்கிறது. அட்லாண்டிக் கடல் சேமித்த வெப்பத்தை மேலைக்காற்று கொண்டுவந்து சேர்ப்பதுதான் காரணம். அங்கே குளிர் எப்போதும் மென்மையானது. தணிவதற்கு அதிகமாக ஒன்றும் இல்லை. எனவே டப்ளினுக்கு மென்குளிர்க் காலநிலை, கல்கரிக்கு அவ்வப்போது தணிகுளிர்நாட்கள்.

> எத்தனை பாகை ஏறினால் தணிந்ததாகக் கொள்வது?

சொல்லாக்கத்தில் எண் வேண்டாம், வரையறையில் கட்டாயம் வேண்டும். ஒரு எச்சரிக்கை மட்டும்: அந்தந்த ஊர்ப் பதிவில் மேல் 10 விழுக்காட்டில் வரும் நாட்கள் என்று வரையறுத்தால், அடிப்படைக் காலத்தில் (அளவை எடுத்த அதே ஆண்டுகளில்) எல்லா ஊருக்கும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கைதான் வரும். ஒரே ஊர் காலப்போக்கில் மாறுவதைப் பார்க்க அது சிறந்த அளவுகோல். ஊரோடு ஊரை ஒப்பிட்டு 'எங்கே அடிக்கடி?' என்று கேட்டால் அது பதில் தராது. அதற்கு, சராசரியைவிட இத்தனை பாகை கூடுதல் என்று நிலையான இடைவெளி வைக்க வேண்டும். அப்போதுதான் கண்டங்களின் நடுப்பகுதி மேலேயும், கடலோரம் கீழேயும், குளிர்காலமே இல்லாத வெப்பமண்டலம் அடியிலும் நிற்கும்.

சொற்பட்டியலில் இதநாள், தணிகுளிர்நாள் இரண்டையும் தனித்தனிப் பதிவாக ஏற்றுகிறேன். சுழியத்துக்குக் கீழே கிடந்த வெப்பநிலை மேலேறி உறைபனி கரையும் நாளுக்கு 'உருகுநாள்' என்று எழுதி வைத்திருக்கிறேன். எனக்கே முழுத் திருப்தி இல்லை, நாள்தான் உருகுகிறதோ என்று தோன்றுகிறது. வேறு சொல் இருந்தால் இதே இழையில் எழுதுங்கள்.