இறக்கத்தில் பிரேக் பெடல் உள்ளே போன அனுபவம், உங்களுக்கும் உண்டா?

நீளமான மலை இறக்கம், வண்டி நிறைய ஆட்கள். நண்பர் ஓட்டினார், நான் பக்கத்தில். மேல் கியரிலேயே பிரேக்கில் காலை வைத்தபடி இறங்கிக்கொண்டிருந்தோம், முதலில் கருகிய வாடை வந்தது, அடுத்த வளைவில் மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி அடிவரை போய்விட்டது. நல்ல வேளை, அவர் பதறவில்லை. விட்டு விட்டு வேகமாக மிதித்ததில் கொஞ்சம் பிடிப்பு கிடைத்தது, அப்படியே கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை மெல்ல இழுத்து ஓரத்தில் நிறுத்தினார்.

ரொம்ப நேரம் கழித்து மிதித்துப் பார்த்தால் பெடல் பழையபடி கெட்டி! எல்லோரும் ஏமாறுவது இங்கேதான், சரியாகிவிட்டது என்று கிளம்பி அதோடு மறந்துவிடுகிறார்கள். பிரேக் ஆயில் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 (பிரேக் ஆயிலில் ஒரு தர வகை) ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரநிலை, ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே தரநிலை கேட்பது 155 டிகிரிதான். சக்கரத்தோடு சுழலும் தட்டான டிஸ்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் பேடும் விடாமல் உரசி, அந்தச் சூடு பேடை அழுத்தும் காலிப்பருக்குள் இறங்கினால் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும், அதனால் கால் கொடுக்கிற அழுத்தமெல்லாம் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும். ஆறியதும் குமிழ் மறையும், ஈரம் மறையாது.

அதனால் ஊர் திரும்பியதும் ஆயிலை முழுவதும் மாற்றி ஏர் எடுத்தார் (குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது). 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்கள் நிறைய, உங்கள் வண்டிக் கையேட்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதிகம் ஓடாத வண்டிக்கும் இது உண்டு. இறக்கத்தில் கீழ் கியர், பிரேக்கை அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுவது, இதுதான் டிஸ்கை ஆறவிடும்.

* * *

நல்ல பகிர்வு. என் அண்ணன் வண்டியில் ஆயில் மட்டம் குறைந்திருந்தது, ஒரு பட்டறையில் பேடைப் பார்க்காமலே ஊற்றி நிரப்பி அனுப்பிவிட்டார்கள். பேட் தேயத் தேய அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே நகரும், அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும், மட்டம் குறைவதே பேடைப் பார் என்கிற தகவல்தான் (கசிவாகவும் இருக்கலாம், அது இன்னும் அவசரம்). கொஞ்ச நாளில் கிரீச் சத்தம் வந்து புதுப் பேட் போட்டபோது பிஸ்டனை உள்ளே தள்ளியதும் ஆயில் பொங்கி வழிந்து பெயின்டையும் கெடுத்தது.

* * *

எனக்கு வேறு மாதிரி. பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கும். ஓட்டி நிறுத்தியதும் இடது முன்சக்கரத்தில் மட்டும் அனல் அடிக்கும், பக்கத்தில் கை கொண்டுபோக முடியாது. காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின் இறுகி, பேட் டிஸ்கை விடாமல் பிடித்திருக்கிறது. சுத்தம் செய்து அதற்குரிய கிரீஸ் வைத்தார்கள், பேடுகள் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்ததால் இரண்டு முன்சக்கரத்துக்கும் சேர்த்து மாற்ற வேண்டி வந்தது.