வீட்டு ஐபி மாறிக்கொண்டே இருக்கிறது. 22-ஆம் போர்ட்டை எல்லாருக்கும் திறக்காமல் கிளவுட் சர்வருக்குள் போக வழி உண்டா?

மலைமேல்_கோடர்

வணக்கம். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்து கொடுக்கிற சின்ன கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஆபீஸ் சேலம் பேர்லேண்ட்ஸில். நான் இருப்பது ஏற்காட்டில், ஒண்டிக்கடை பக்கம். கோடு எழுதுவது, ஓட்டிப் பார்ப்பது எல்லாம் ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட்) மும்பை ரீஜியனில் உள்ள உபுண்டு சர்வரில்தான். ஆளுக்கு ஒரு சர்வர். கோடு எழுதும் எடிட்டரான விஎஸ் கோடிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக இணைகிறோம். தூரத்துக் கணினிக்குள் மறையாக்கத்தோடு நுழையும் முறை அது, அதன் வாசல்தான் 22-ஆம் போர்ட்.

செக்யூரிட்டி குரூப்பில், அதாவது சர்வருக்கு முன்னால் நிற்கும் ஃபயர்வாலில், 22-ஆம் போர்ட் ஆபீஸ் ஐபிக்கும் எங்கள் வீட்டு ஐபிகளுக்கும் மட்டும் திறந்திருக்கிறது. இங்கே மழை பிடித்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் ஃபைபரும் போகும். மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால் ஐபி மாறிவிடும். உடனே போன் போட்டு, ‘இந்த ஐபியைச் சேர்த்து விடுங்கண்ணா’ என்று கேட்க வேண்டும். சேர்த்ததை யாரும் எடுப்பதில்லை, பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் 0.0.0.0/0 என்று, அதாவது எந்த ஐபியிலிருந்தும் வரலாம் என்று, திறந்துவிடலாம் என்கிறார். சோதனைக்கு ஒரு காலி சர்வரில் திறந்து வைத்து லாகைப் பார்த்தோம். டீ குடித்துவிட்டு வருவதற்குள் அட்மின், ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ் என்று எங்களிடம் இல்லாத பெயர்களிலெல்லாம் வரிசையாகத் தட்டியிருக்கிறார்கள். பாஸ்வேர்டே கிடையாது, சாவி (லேப்டாப்பில் இருக்கும் ரகசிய ஃபைல்) மட்டும்தான், அதனால் பயமில்லை என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஜீரோ டிரஸ்ட், யாரையும் சும்மா நம்பாமல் ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பது என்கிறார்களே, ஆறேழு பேர் உள்ள கம்பெனிக்கு அது கட்டுப்படியாகுமா?

நெட்வொர்க்_சேலம்

ஒரு விபிஎன் (மறையாக்கப்பட்ட தனிப் பாதை) போட்டுவிடுங்கள். சர்வர் விபிஎன் ஐபியை மட்டும் ஏற்றால் போதும், நீங்கள் எந்த நெட்டிலிருந்து வந்தாலும் கவலையில்லை.

கிளவுட்_காவல்

விபிஎன் தப்பில்லை. ஆனால் உள்ளே வந்த லேப்டாப் மொத்த நெட்வொர்க்கையும் பார்க்கும்படிதான் பெரும்பாலும் அமைத்து வைக்கிறார்கள். ஒரு லேப்டாப்பில் கோளாறு என்றால் எல்லார் சர்வரும் ஆபத்தில். 2009-இல் தாக்குதலுக்கு ஆளான பிறகு கூகுள், ஊழியர்களுக்கு விபிஎன் தேவைப்படாத பியாண்ட்கார்ப் முறைக்கு மாறியது. அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி, ஜீரோ டிரஸ்ட் பற்றி 2020-இல் வெளியிட்ட 800-207 ஆவணமும், எந்த நெட்வொர்க்கிலிருந்து வருகிறார் என்பதை வைத்து யாரையும் நம்பாதே என்றுதான் சொல்கிறது.

தம்பி, உங்கள் ஐபி பட்டியலில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. மொபைல் நெட்டில் உங்களுக்கென்று தனி ஐபிவி4 முகவரி கிடைப்பது அரிது. ஒரே பொது ஐபியின் பின்னால் ஏராளமானோரை வைத்திருப்பார்கள். அந்த ஐபியை அனுமதித்தால் அவர்கள் அத்தனை பேருக்கும் கதவு திறக்கிறது. நம்ம ஆள் வந்த ஏற்காடு பஸ்ஸில் வந்தவர்கள் என்பதற்காக எல்லாரையும் வீட்டுக்குள் விடுகிற மாதிரி.

ஏடபிள்யூஎஸ்ஸிலேயே செஷன் மேனேஜர் இருக்கிறது. போர்ட் திறக்காமலே சர்வருக்குள் போகிற வசதி அது. இசி2 சர்வருக்கு (உங்களுடையது போல ஏடபிள்யூஎஸ்ஸில் ஓடும் சர்வர்) அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. சர்வரில் உள்ள ஏஜென்ட் என்ற சின்ன நிரல் தானாக 443 வழியாக வெளியே போய் ஏடபிள்யூஎஸ்ஸுடன் பேசும். நீங்களும் உங்கள் பக்கத்திலிருந்து ஏடபிள்யூஎஸ்ஸிடம் போவீர்கள். நடுவில் இரண்டையும் அது இணைத்துவிடும். உள்ளே வருகிற போர்ட் ஒன்றுகூட வேண்டாம். யார் வரலாம் என்பதை ஐஏஎம், அதாவது ஏடபிள்யூஎஸ்ஸின் அனுமதி அமைப்பு, முடிவு செய்யும். அதிகாரபூர்வ உபுண்டு இமேஜ்களில் ஏஜென்ட் பெரும்பாலும் முன்பே இருக்கும். சர்வருக்கு அமேசான்எஸ்எஸ்எம்மேனேஜ்டுஇன்ஸ்டன்ஸ்கோர் பாலிசி உள்ள ரோலை (சர்வருக்கான அனுமதித் தொகுப்பு) கொடுத்தால் போதும்.

லாகின் ஐடென்டிட்டி சென்டர் (ஏடபிள்யூஎஸ்ஸின் ஒற்றை லாகின் வசதி) வழியாக இருக்கட்டும், பாஸ்கீயோடு (கைரேகை, பின் போன்றவற்றால் திறக்கும் சாவி). கிடைக்கிற அனுமதி இயல்பாக ஒரு மணி நேரம்தான், வேண்டுமானால் 12 மணி நேரம் வரை நீட்டலாம். லேப்டாப்பில் நிரந்தர ஆக்சஸ் கீ எதுவும் கிடக்கக் கூடாது.

மலைமேல்_கோடர்

ரொம்ப நன்றிங்க. இரண்டு சந்தேகம். விஎஸ் கோடு இதில் வேலை செய்யுமா? அப்புறம், 3000-ஆம் போர்ட்டில் ஓடும் ஆப்பை பிரவுசரில் பார்க்க அதையும் திறந்துதான் வைத்திருக்கிறோம்.

கிளவுட்_காவல்

வேலை செய்யும். எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில், எந்தக் கட்டளை வழியாக இணைய வேண்டும் என்று சொல்லும் பிராக்ஸிகமாண்ட் வரியில் செஷன் மேனேஜர் கட்டளையைப் போடுங்கள். விஎஸ் கோடுக்கு வித்தியாசமே தெரியாது. 3000-ஐ முதலில் மூடுங்கள், அது 22-ஐவிட மோசம், அங்கே சாவிகூடக் கேட்பதில்லை. போர்ட் ஃபார்வேர்டிங் (சர்வரின் போர்ட்டை இதே இணைப்பு வழியாக லேப்டாப்புக்குக் கொண்டுவருவது) செய்தால் உங்கள் லேப்டாப்பின் லோக்கல்ஹோஸ்டிலேயே ஆப் தெரியும்.

லாக்_பார்ப்பவர்

கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறேன். செஷன் மேனேஜர் ஷெல்லை நேரடியாகத் திறந்தால் எஸ்எஸ்எம்-யூசர் என்ற பெயரில் நுழைவீர்கள். அதற்கு சூடோ அதிகாரம், அதாவது அட்மின் போல எதையும் செய்யும் அதிகாரம், இயல்பாகவே உண்டு. இதைப் பலர் கவனிப்பதில்லை. டெவலப்பர்களுக்கு எஸ்எஸ்எச், போர்ட் ஃபார்வேர்டிங் ஆவணங்களை (எந்த வகை செஷன் என்று சொல்லும் ஏடபிள்யூஎஸ் அமைப்புகள்) மட்டும் அனுமதியுங்கள். ஒவ்வொரு சர்வருக்கும் உரியவர் பெயரில் டேக் போட்டு, அவரவர் சர்வரில் மட்டும் செஷன் தொடங்க விடுங்கள்.

எஸ்எஸ்எச்சை இதன் வழியாக ஓட்டினால் உள்ளே அடித்த கட்டளைகள் செஷன் லாகில் வராது, ஏனென்றால் அது ஏற்கனவே மறையாக்கப்பட்டது. யார், எப்போது, எந்த சர்வரில் தொடங்கினார் என்பது ஏடபிள்யூஎஸ்ஸின் பதிவேடான கிளவுட்டிரெயிலில் இருக்கும். கட்டளையும் வேண்டுமென்றால் சர்வருக்குள்ளேயே ஆடிட்-டி (நடப்பதைப் பதிவு செய்யும் லினக்ஸ் நிரல்) போடுங்கள்.

பழைய சாவிகள் சங்கதியும் இருக்கிறது. வேலையை விட்டுப் போனவர்களின் சாவி, சர்வர் ஏற்கும் சாவிகளின் பட்டியலான ஆதரைஸ்டுகீஸ் ஃபைலில் அப்படியே கிடக்கும். இசி2 இன்ஸ்டன்ஸ் கனெக்ட் வைத்தால் ஒவ்வொரு முறையும் புதுச் சாவியை அனுப்பலாம். 60 விநாடிக்கு மட்டும் செல்லும்.

இத்தனையும் வாசலுக்குத்தான். உள்ளே ஓடும் கோடை யார் பார்ப்பது? 2025 செப்டம்பரில், ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்கள் கிடைக்கும் என்பிஎம்மில் பரவிய ஷாய்-ஹுலூட் புழு டெவலப்பர் கணினிகளில் டோக்கன்களையும் கிளவுட் சாவிகளையும் தேடித் திருடியது. அப்படியொரு பேக்கேஜ் உங்கள் சர்வரில் ஓடினால் அந்த சர்வரின் ரோலுக்கு என்ன அதிகாரமோ அத்தனையும் அதன் கையில். சர்வர் தன் ரோலின் தற்காலிகச் சாவியை வாங்கும் சேவையின் பாதுகாப்பான வடிவமான ஐஎம்டிஎஸ்வி2 கட்டாயம் என்று வையுங்கள், ஆனால் உள்ளேயே ஓடும் கோடை அது தடுக்காது. ரோலைச் சின்னதாக வைப்பதுதான் வழி. பட்டறைக்காரர்களின் உண்மையான கணக்கை டெஸ்ட் டேட்டாபேஸில் போட்டிருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அவர்கள் நம்பிக் கொடுத்த கணக்கு அது.

மலைமேல்_கோடர்

செய்து பார்த்தேன். ரோல் கொடுத்தும் சர்வர் பட்டியலில் வரவில்லை; ஏஜென்டை ரீஸ்டார்ட் செய்ததும் வந்துவிட்டது. விஎஸ் கோடும் போர்ட் ஃபார்வேர்டிங்கும் ஓடுகின்றன. ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினால் இணைப்பு அறுந்து, ஓடிக்கொண்டிருக்கும் பில்ட் நின்றுவிடுகிறது. அதற்கு ஏதாவது உண்டா?

நெட்வொர்க்_சேலம்

டிமக்ஸ் (சர்வரிலேயே டெர்மினலை உயிரோடு வைத்திருக்கும் நிரல்) போட்டு அதற்குள் பில்டை ஓட்டுங்கள். இணைப்பு அறுந்தாலும் அது பாட்டுக்கு ஓடும், திரும்ப நுழைந்து அட்டாச் செய்துகொள்ளலாம். செஷன் மேனேஜரில் சும்மா இருந்தால் 20 நிமிடத்தில் துண்டிக்கும் அமைப்பு இயல்பாக இருக்கும், அதை 60 வரை கூட்டலாம். ஆனால் கூட்டாதீர்கள், டிமக்ஸ் இருக்கும்போது தேவையில்லை.

மலைமேல்_கோடர்

டிமக்ஸ் போட்டுவிட்டேன், பில்ட் நிற்கவில்லை. அண்ணனிடமும் காட்டினேன், சரி என்றார். 3000-ஐ எல்லா சர்வரிலும் மூடியாகிவிட்டது. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் புது வழியில் நுழைந்து பார்த்த பிறகு 22-ஆம் போர்ட் விதியையும் அழிக்கிறோம். டெஸ்ட் டேட்டாபேஸில் பட்டறைகளின் உண்மையான பெயரும் போன் எண்ணும் இருக்கின்றன. அவற்றை மாற்றிப் போடும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.