குடும்ப மரம்: படங்கள் விடுபடுகின்றன, பிள்ளைகள் பார்ப்பதில்லை – உதவி தேவை

கேள்வி
அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தின் ஐந்து தலைமுறையினரை கிராம்ப்ஸ் என்னும் குடும்ப மர மென்பொருளில் பதிந்து, குடும்ப மரத் தரவைப் பரிமாறுவதற்கான பொது வடிவமான கெட்காம் 5.5.1 கோப்பாக உறவினர்களுக்கு அனுப்பினேன். பெயர்களும் தேதிகளும் சரியாகத் திறக்கின்றன. ஆனால் தேடித்தேடிச் சேர்த்த புகைப்படங்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை. பிள்ளைகளோ கைப்பேசியில் ஒருமுறை திறந்து, உச்சியில் இருக்கும் முப்பாட்டனார் பெயரைப் பார்த்ததும் மூடிவிடுகிறார்கள். இவ்விரண்டுக்கும் வழி கூறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பதில் 1
ஐயா, கெட்காம் 5.5.1 என்பது வெறும் எழுத்துக் கோப்பு. படம் உங்கள் கணினியில் எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்ற குறிப்பு மட்டுமே அதில் செல்வதால், அடுத்தவர் கணினியில் படம் வராது. பெறுபவரும் கிராம்ப்ஸ் வைத்திருந்தால், ஊடகங்களையும் சேர்த்துக் கட்டும் தொகுப்பாக ஏற்றுமதி செய்யுங்கள். 2021இல் வந்த கெட்காம் 7 படங்களையும் ஒரே கோப்பில் அடைக்க இடம் தருகிறது. எனினும் பெறுபவரின் மென்பொருள் அதை ஏற்குமா என்று கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். மென்பொருளே இல்லாதவர்களுக்கு, கிராம்ப்ஸின் அறிக்கைப் பட்டியலிலிருந்து இணையப் பக்கங்களாக உருவாக்கித் தரலாம்.

பதில் 2
இரண்டாவது சிக்கலே பெரியது என்பது என் கருத்து. மரத்தை மூத்தவரிடமிருந்து தொடங்காமல், பார்க்கப்போகும் பிள்ளையையே மைய நபராக வைத்துத் தொடங்குங்கள். தன் பெயரிலிருந்து மேலே ஏறும்போது ஒவ்வொருவரும் தனக்கு என்ன உறவு என்பது தானாகவே புலப்படும். தேதிகளை விடக் குரல் ஈர்க்கும். எங்கள் வீட்டில் பழைய படமொன்றில் இரண்டு சிறுமிகள் ஒரே பூப்போட்ட துணியில் சட்டை அணிந்து நிற்பார்கள். ஒரு துணியை வாங்கி இருவருக்கும் தைத்த கதையைப் பாட்டி சொல்ல, பேத்தி அதைக் கைப்பேசியில் பதிந்து அந்தப் படத்தோடு இணைத்தாள். அதன்பின், பெயர் தெரியாத மற்றப் படங்களை அவளே எடுத்துக்கொண்டு பாட்டியிடம் போய் உட்கார்ந்தாள். பார்வையாளராக மட்டும் வைக்காமல், இப்படியொரு வேலையைக் கையில் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்
தொகுப்பாக அனுப்பியதும் படங்கள் வந்துவிட்டன, மிக்க நன்றி. எல்லோரும் திருத்தத் தொடங்கினால் தரவு குழம்பிவிடாதா?

பதில் 2
மூலக் கோப்பு உங்களிடமே இருக்கட்டும். பிள்ளைகள் திரட்டுவதைப் பகிர்வுத் தாளில் எழுதச் சொல்லி, சரிபார்த்த பின் நீங்கள் ஏற்றுங்கள். சொன்னவர் யார், கேட்டு எழுதியவர் யார் என்பதை மூலக்குறிப்பில் தவறாமல் பதியுங்கள்.

பதில் 1
ஒன்றைச் சேர்க்கிறேன்: வெளியே பகிரும்போது, உயிருடன் இருப்பவர்களின், குறிப்பாகச் சிறுவர்களின், பிறந்த தேதியையும் முகவரியையும் நீக்கிவிடுங்கள். அதற்கான வடிகட்டி கிராம்ப்ஸின் ஏற்றுமதித் திரையிலேயே உள்ளது.