அப்டேட்: நம்ம டவுன் 'ரெடெவலப்மென்ட் ரெடி'ல சேரணுமா?

மிஷிகன் ஸ்டேட்டோட 'ரெடெவலப்மென்ட் ரெடி கம்யூனிட்டிஸ்' ப்ரோக்ராம்ல (கட்ட, முதலீடு பண்ண வர்றவங்களுக்கு ரூல்ஸை தெளிவா வெச்சிருக்கற ஊர்களுக்கு சர்டிஃபிகேட் தர்ற திட்டம்) எங்க சின்ன டவுன் சேரலாமான்னு கேட்டிருந்தேன்ல, அதோட அப்டேட். "ஃபீஸே இல்லையே, அப்புறம் என்ன யோசனை"ன்னு நிறைய பேர் சொன்னீங்க. ஃபீஸ் இல்லதான், ஆனா வேலை கிடக்கு, சோனிங்கை (எந்த இடத்துல என்ன கட்டலாம்ங்கற ரூல்ஸ்) சரி பண்ணணும், கடையோ வீடோ கட்ட வர்றவன் யார்கிட்ட போகணும் என்ன ஃபாரம் எவ்ளோ ஃபீஸ்னு எல்லாம் எழுதி ஆன்லைன்ல போடணும், எங்க ஆபீஸ்ல இருக்கறது ஒரே க்ளார்க், தண்ணி பில்லும் அவங்க தலையிலதான். மாஸ்டர் ப்ளான் (ஊர் இனிமே எப்படி வளரணும்ங்கற திட்டம்) மட்டும் எக்ஸ்ட்ரா சுமை இல்ல, 5 வருஷத்துக்கு ஒருக்கா பாக்கணும்னு மிஷிகனோட 2008 ப்ளானிங் சட்டமே சொல்லுது. ப்ரோக்ராம்ல மேல் லெவலான 'சர்டிஃபைட்'டுக்கு இப்பவே பறக்க வேணாம், அதுக்குக் கீழ இருக்கற 'எசென்ஷியல்ஸ்' லெவல் போதும்ங்கறது என் கருத்து. கவுன்சில் இன்னும் ஓட்டு போடல, போட்டதும் சொல்றேன்.