மதியச் சாப்பாட்டுக்கு நாளுக்கு 30 ரூபாய்தான்

கேள்வி: கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. ஊருக்குப் பணம் அனுப்பியது போக இவ்வளவுதான் மிஞ்சுகிறது. டீயும் பன்னுமாக ஓட்டினால் நாலு மணிக்குத் தலை சுற்றுகிறது. அறையில் மின்சாரக் குக்கர் மட்டும் உண்டு.

பதில்: தம்பி, பன்னை விடுங்கள். அம்மா உணவகத்தில் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். இரண்டும் வாங்கினாலும் 8தான். மீதியில் ஒரு அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம். மூன்று வருடம் நான் அப்படித்தான் சாப்பிட்டேன். சீக்கிரம் போங்கள், தீர்ந்துவிடும்.

பதில்: குக்கர் இருக்கிறதே! காலையில் சாதத்தைக் குழைய வைத்து, பால் நிறைய, தயிர் ஒரே ஒரு கரண்டி விட்டுப் பிசையுங்கள். மதியம் வரை புளிக்காது. அப்புறம், ஊருக்குப் போனால் அம்மாவிடம் ஒரு பாட்டில் புளிக்காய்ச்சல் கேட்டு வாங்குங்கள். எண்ணெய் மிதக்க இருந்தால் பல நாள் தாங்கும்.

கேட்டவர்: சரி அண்ணா, நாளைக்கே அம்மா உணவகத்துக்குப் போகிறேன். புளிக்காய்ச்சலுக்கு இன்று இரவே அம்மாவுக்குப் போன் போடுகிறேன்.